இடது கண்ணில் ஒரு வெள்ளைப் புள்ளி

இது நடந்தது. நம்பாதவர்கள் ஒரு நாள் அம்பத்தூர் எஸ்டேட் பக்கம் வந்து பிராங்கைப் பார்க்கலாம். கழுத்தில் ஆபீஸ் அடையாள அட்டை தொங்கும். ஆனால் படம் இருக்கும் பக்கம் எப்போதும் சட்டையோடு ஒட்டித் திரும்பியிருக்கும். யாராவது நேராக்கிவிடப் போனால் வெடுக்கென்று கையைத் தட்டிவிடுவான்.

பேய் என்றதும் நடுநிசியையும் நாய் ஊளையையும் எதிர்பார்த்து வந்தவர்கள் மன்னிக்கவும். இது பட்டப்பகலில் நடந்தது. மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. பிராங்கின் வயிற்றில் எலுமிச்சம்பழச் சாதம் இருந்தது. ஒரு சொட்டுச் சரக்குகூட இல்லை. அண்ணனூர் வீட்டில் அவன் மனைவி ஆக்னஸ் அதற்கெல்லாம் இடம் வைக்கவில்லை.

டயர் கடைக்கு மேல் மாடியில் ஆபீஸ். மொத்தம் ஐந்து பேர். பிராங்கின் விசிட்டிங் கார்டில் ‘பிரின்சிபல் பிரண்ட் எண்ட் ஆர்க்கிடெக்ட்’ என்று இருக்கும். தண்ணீர் கேன் மாற்றுவதும் அதே ஆர்க்கிடெக்ட்தான். வெப்சைட்டில் பார்க்கிறவர் கண்ணெதிரே நடக்கும் வித்தைகள் அவன் தொழில். தொட்டால் மெனு விரியும், அழுத்தினால் பெட்டி திறக்கும். அவனுடைய தனித்திறமை என்று ஒன்று உண்டு. படங்களை இடமிருந்து வலமாக நகர்த்துவது. பள்ளிக்கூடம் வந்தாலும் நகர்த்துவான். பல் டாக்டர் வந்தாலும் நகர்த்துவான்.

அப்போதுதான் ஷைலா வேலைக்கு வந்தாள். சேக்காட்டுப் பெண். இருபத்து நாலு வயது. அவள் செய்த பக்கத்தில் மழை பெய்தது. விரலை வைத்த இடத்தில் தண்ணீர் வட்டம் வட்டமாக விரிந்தது. முதலாளி கோகுல்நாத் நாற்காலியைவிட்டு எழுந்து வந்து பார்த்தான். பிராங்க் படங்களுக்கு அவன் எழுந்ததே கிடையாது.

பிராங்குக்கு அன்று ஆரம்பித்த எரிச்சல். அவள் டிபன் பாக்ஸைத் திறந்தாலே இவனுக்கு நெஞ்சு கரித்தது.

இந்த நேரத்தில் ராகவன் வந்து சேர்ந்தார். இரும்பு உதிரிபாகத் தொழிற்சாலையின் சேர்மன். ஞாயிற்றுக்கிழமை கம்பெனிக்கு வெள்ளி விழா. மேடையிலேயே புது வெப்சைட்டைத் திறக்க வேண்டும். கையோடு ஒரு படம் கொண்டுவந்திருந்தார். கோட், டை, கறுப்புக் கூலிங் கிளாஸ்.

“இந்தப் படம் முதல் பக்கத்துல பெருசா வரணும். யார் வந்து பார்த்தாலும் என் கண்ணு அவங்களையே பார்க்கணும். ஃபேக்டரியில நான் அப்படித்தான்.”

பிராங்க் தொண்டையைச் செருமினான். “சார், படத்துல கண்ணே தெரியலையே. வேணும்னா படத்தை லெஃப்ட்லேந்து ரைட்டுக்கு நகர வைக்கலாம்.”

“நான் எதுக்குய்யா நகரணும்?”

ஷைலா மெல்லச் சொன்னாள். “கிளாஸை எடிட் பண்ணி எடுத்துடலாம் சார். வேற போட்டோலேந்து உங்க கண்ணை எடுத்து வெச்சுக்கலாம். மவுஸ் எங்க போகுதோ, கருவிழி அங்க திரும்பும். சின்ன ஸ்கிரிப்ட்தான்.”

ராகவன் மேஜையில் அடித்தார். “பொண்ணுக்குப் புரியுது பாரு!”

அவர் இறங்கிப் போகும்வரை கோகுல்நாத் இங்கிலீஷில் சிரித்துக்கொண்டிருந்தான். கார் கிளம்பியதும் சொந்த பாஷைக்கு வந்தான். “இன்னா மாமே, லெஃப்ட்டு ரைட்டுன்னுகினு கீற? கேட்டுக்கோ. ஞாயித்துக்கெழம எதுக்குக் கைதட்டு வுழுதோ, அத்த பண்ணவங்கதான் இனிமே ஹெட்டு. சொல்ட்டேன்.”

ஹெட். அந்தப் பதவிக்காக பிராங்க் ஏழு வருடமாகத் தண்ணீர் கேன் தூக்கிக்கொண்டிருந்தான்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் ஷைலா பையை மாட்டிக்கொண்டாள். கோவில்பதாகையில் சித்தி மகள் கல்யாணம். “பாதிதாண்ணா முடிஞ்சிருக்கு. நாளைக்கு வந்து முடிச்சிடறேன்.”

பாதியாம். அடக்கமாம். பிராங்க் பல்லைக் கடித்தான்.

மற்றவர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். இரண்டு மணி பத்து நிமிடம். கீழே டயரில் காற்று அடிக்கும் சத்தம். புஸ்ஸ்... புஸ்ஸ்...

பிராங்க் அவளுடைய ஃபைலைத் திறந்தான்.

ராகவன் முகம் திரை முழுக்க வந்தது. கூலிங் கிளாஸ் இல்லை. இரண்டு கண்கள். மவுஸை வலப்பக்கம் நகர்த்தினான். கண்கள் வலப்பக்கம் போயின. இடப்பக்கம். இடப்பக்கம். மேலே மூலைக்குக் கொண்டுபோனான். மேலே பார்த்தன.

பொம்மைக் கண் மாதிரி இல்லை. ஈரம் இருந்தது.

இடது கண்ணின் கருவிழி ஓரத்தில் ஒரு சின்ன வெள்ளைப் புள்ளி. திரையில் தூசி என்று நினைத்துக் கைக்குட்டையால் துடைத்தான். போகவில்லை. கண் நகர்ந்தபோது புள்ளியும் கூடவே நகர்ந்தது. பிராங்குக்குப் புரிந்தது. வெளிச்சம் பட்டு மினுங்குகிற மாதிரி வைத்திருக்கிறாள்! அதுவும் ஒரு கண்ணில் மட்டும்! இந்தப் புத்தி நமக்கு ஏன் வரவில்லை? அந்தப் புள்ளியைப் பார்க்கப் பார்க்க அவனுக்கு வயிறு பற்றி எரிந்தது.

மவுஸை விட்டுவிட்டு டீ கிளாஸை எடுத்தான்.

மவுஸ் அம்பு மேல் மூலையில் அப்படியே நின்றது. கண்கள் இறங்கின. டீ கிளாஸைப் பார்த்தன. பிறகு அவனைப் பார்த்தன.

பிராங்க் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு ஓரமாகப் போனான். கண்கள் கூடவே வந்தன.

வேறு ஒருவனாக இருந்தால் அப்போதே ஓடியிருப்பான். பிராங்குக்குப் பயம் வரவில்லை. பொறாமைதான் வந்தது. ‘கேமராவை வைத்து ஆளையே கண்டுபிடிக்கும்படி எழுதியிருக்கிறாளே, பாவி!’

உள்ளே என்ன எழுதியிருக்கிறாள் என்று பார்த்தான். சொற்ப வரிகள். மவுஸ் எங்கே, கருவிழி அங்கே. அவ்வளவுதான். கேமரா என்ற பேச்சே இல்லை.

அப்புறம்தான் அவனுக்கு நினைவு வந்தது...

அந்தக் கம்ப்யூட்டரில் கேமராவே கிடையாது.

புஸ்ஸ்... கீழே டயர்.

தாமதமாகத்தான் உறைத்தது. ஆனால் பயத்தைவிட ‘ஹெட்’ பெரிதாக இருந்தது. ஃபைலை நகல் எடுத்தான். மேல் வரியில் ‘எழுதியவர்: ஷைலா’ என்று இருந்தது. அதை அழித்தான். தன் பெயரை அடித்தான்.

திரையின் மறுபாதியில் கண்கள் கீழே திரும்பின.

அவன் விரல்களைப் பார்த்தன.

ஒவ்வொரு எழுத்தாக.

கோகுல்நாத் சாப்பிட்டு வந்ததும் பிராங்க் காட்டினான். “ஷைலா பாதியில விட்டுட்டுப் போய்ட்டா பாஸ். நானே முதல்லேந்து எழுதிட்டேன்.”

“கண்ணு உசுரோட கீது மாமே!” கோகுல்நாத் நாற்காலியை விட்டு எழுந்தான். ஏழு வருடத்தில் முதல் தடவை. பிராங்குக்குக் கண் கலங்கியது.

சனிக்கிழமை ஷைலா போன் செய்தாள். “அண்ணா, சேர்மன் வீட்டுல போட்டோ குடுத்திருக்காங்க. நான் வந்து...”

“வேணாம்மா. எல்லாம் முடிஞ்சிருச்சு.” வைத்துவிட்டான்.

ஞாயிறு காலை. பூந்தமல்லியில் ஒரு கல்யாண மண்டபம். முன்வரிசையில் சால்வை போர்த்தியவர்கள். அடுத்த வரிசையில் சால்வைக்குக் காத்திருப்பவர்கள். கடைசி வரிசையில் பழைய பருத்திப் புடவையில் ஒரு அம்மாள். ராகவனின் செத்துப்போன அண்ணன் சம்பத்தின் மனைவி, வசந்தகுமாரி. மேடைக்கு யாரும் கூப்பிடவில்லை. பேனரில் சம்பத்தின் படமும் இல்லை.

பிராங்க் மேடைப் படிக்கட்டில் நின்றான். ஷைலா ஓடிவந்தாள். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

ராகவன் மைக்கைப் பிடித்தார். “ஒத்த ஆளா வந்தேன். ஒரே ஒரு லேத்து மெஷின். என் கையால வாங்கினது. என் மூளை, என் உழைப்பு...” இருபது நிமிடம் ஓடியது. அதில் எண்பது ‘என்’ இருந்திருக்கும். பிறகு மவுஸை எடுத்து அழுத்தினார். பின்னால் இருந்த பெரிய திரையில் அவர் முகம் எழுந்தது.

கண்கள் ஈரமாக மினுங்கின.

கைதட்டல். கோகுல்நாத் விரலை வாயில் வைத்து விசிலடித்தான்.

ராகவன் மவுஸை இந்தப் பக்கம் நகர்த்தினார். கண்கள் நகரவில்லை. அந்தப் பக்கம். நகரவில்லை.

அவை படிக்கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தன.

பிராங்க் ஒரு படி இறங்கினான். கண்கள் ஒரு படி இறங்கின. தூணுக்குப் பின்னால் போனான். தூணையே பார்த்தன.

அப்புறம்... மெதுவாக... கண்கள் ராகவன் பக்கம் திரும்பின.

ராகவன் சிரித்தபடி மேடையின் கோடிக்கு நடந்தார். கண்கள் வந்தன. இந்தக் கோடிக்கு வந்தார். வந்தன. ஜனங்கள் பலமாகத் தட்டினார்கள். அவர் திரும்பி அண்ணாந்து பார்த்தார்.

இடது கண். வெள்ளைப் புள்ளி.

மைக் விழுந்தது. ணங்ங்ங்...

கைதட்டல் ஒவ்வொரு வரிசையாக அடங்கியது.

வசந்தகுமாரி எழுந்து நடந்து வந்தாள். மேடைக்குக் கீழே நின்றாள். அவள் ராகவனைப் பார்க்கவில்லை. திரையைத்தான் பார்த்தாள்.

“இது என் ஊட்டுக்காரரு கண்ணு. லேத்துல நின்னப்ப இரும்புச் சில்லு தெறிச்சு வந்த தழும்பு. அதோடதான் கடைசி வரைக்கும் வேலை செஞ்சாரு.” மூச்சு விட்டாள். “இப்பவாச்சும் சொல்லு ராகவா. லேத்து யாருது?”

ராகவன் திரைக்கு முதுகைக் காட்டி நின்றார்.

“அண்ணி...”

“யாருது?”

“அண்ணனுது.”

திரையில் இமை ஒரு தடவை மூடித் திறந்தது.

இமை மூடும்படி யாரும் எழுதவில்லை. ஷைலாவும் எழுதவில்லை. பிராங்குக்கு அது நிச்சயமாகத் தெரியும். ஒவ்வொரு வரியையும் திருடியவன் அவன்தானே.

யாரோ ஒயரைப் பிடுங்கினார்கள்.

கூட்டம் கலைந்தபோது ஷைலா அவன் முன்னால் வந்து நின்றாள். திருடன் என்று சொல்வாள் என்று பிராங்க் காத்திருந்தான். அவள் முகம் வெளுத்திருந்தது.

“அண்ணா... கண்ணு எங்கேந்து எடுத்தீங்க?”

“என்ன?”

“கண்ணுண்ணா. நான் கிளாஸை மட்டும்தான் எடுத்திருந்தேன். ரெண்டு ஓட்டைதான் இருந்துச்சு. கண்ணு இன்னும் வெக்கவே இல்லை.” கையை விரித்தாள். உள்ளங்கையில் ஒரு பென் டிரைவ். “சேர்மன் கண்ணு இதுலதான் இருக்கு. இன்னும் யாருமே திறக்கலை.”

அன்றைக்கே இருவரும் ஆபீசுக்குப் போய்த் திறந்து பார்த்தார்கள். அவள் ஃபைலில் ராகவன் முகம். கண் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு வெள்ளைக் குழிகள். பிராங்க் எடுத்த நகலில் அதே இரண்டு குழிகள். மவுஸை நகர்த்தினார்கள். எதுவும் நகரவில்லை. நகர்வதற்கு அங்கே எதுவும் இல்லை.

கதை இங்கே முடிந்திருந்தால் பிராங்க் நிம்மதியாகத் தண்ணீர் கேன் தூக்கிக்கொண்டிருப்பான். கோகுல்நாத் விடவில்லை. மண்டபத்தில் நடந்ததை யாரோ செல்போனில் எடுத்து ஊரெல்லாம் அனுப்பிவிட்டார்கள். “இன்னா எஃபெக்ட்டு அது!” என்று கேட்டு மூன்று கம்பெனிகள் போன் செய்தன. வாக்குத் தவறாமல் கோகுல்நாத் பிராங்கை ஹெட் ஆக்கினான். ஷைலா எழுதியது என்று பிராங்க் சொல்லத்தான் நினைத்தான். நாக்கு நுனி வரை வந்தது. புது நாற்காலியைப் பார்த்தான். நாக்கு உள்ளே போய்விட்டது.

அடுத்த வாரம் புது அடையாள அட்டை வந்தது. பிராங்க், ஹெட், பிரண்ட் எண்ட். ஸ்டுடியோவில் நேராக லென்ஸைப் பார்த்து எடுத்த படம்.

அட்டையில் அவன் நேராகப் பார்க்கவில்லை. ஜன்னலோர மேஜை பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான். அங்கே ஷைலா குனிந்து வேலை செய்துகொண்டிருந்தாள்.

அட்டையை மறு பக்கம் சாய்த்தான்.

அப்போதும் அவளையே பார்த்தது.

பிராங்க் கைக்குட்டையை எடுத்தான். படத்தில், இடது கண்ணின் ஓரத்தில், துடைத்தான்... துடைத்தான்...

போகவில்லை.