இன்னும் டொக்டர் ஆகாத பஸ்மிலா

ஒருவரை மருத்துவராக்குவது எது: அவருக்குத் தெரிந்திருப்பதா, தெரியும் என்று நாடு ஒப்புக்கொள்வதா? சாய்ந்தமருதில் பஸ்மிலாவின் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் இந்தக் கேள்வி எழும். பின்னேரம் அஸர் தொழுததும் அங்கே பாய் விரிந்துவிடும். ஒரு நாள் அதில் மல்லாந்து கிடந்தவர் அவருடைய அண்ணன், காக்கா மசூர்.

“மூச்ச இழுங்க காக்கா. வயித்த எக்காதீங்க.”

“நோவு வருத்தம் இல்லாத வயிறு இது. நீ அமத்தி அமத்தியே வருத்தம் வரப்போகுது.”

“கதைக்காமக் கிடங்க.”

பஸ்மிலா பங்களாதேசில் மருத்துவம் படித்தவர். வெளிநாட்டில் படித்தவர்கள் இங்கே, இலங்கையில், வைத்தியம் பார்ப்பதற்கு ஒரு பரீட்சையில் தேற வேண்டும். எழுத்துப் பகுதி அவருக்குச் சிரமமில்லை. நோயாளியைச் சோதித்துக் காட்டும் பகுதியில்தான் தவறினார். கை தயங்குகிறது என்றார்களாம். அதன் பிறகு வீட்டில் எவர் வயிறும் தப்பவில்லை. அழுத்தும்போது வயிற்றைப் பார்க்கமாட்டார். “நோவு மொகத்துலதான் முதல்ல தெரியும்” என்பார்.

பக்கத்து வீட்டு ஸம்ஸியா காய்ச்சலுக்கு மருந்து கேட்டு வருவார்.

“நான் இன்னும் டொக்டர் இல்ல ராத்தா. எழும்புங்க, ஆசுபத்திரிக்குப் போவம்.”

“அங்க இரிக்கிறவங்க ஒன்ன விடப் படிச்சவங்களா?”

பஸ்மிலா சிரிப்பார், பிறகு கூடவே போய் வரிசையில் நிற்பார். தன்னைத் தடுத்து நிறுத்தியிருக்கும் ஒரு சட்டத்தை இவ்வளவு மதித்தவரை நான் கண்டதில்லை.

சென்ற முறையும் அதே பகுதியில் தவறினார். பரீட்சையில் அவருக்கு அடுத்ததாக நின்ற தோழி நுஸ்ஹா சொல்லித்தான் நடந்தது வீட்டுக்குத் தெரிந்தது. “என்ட வயித்துல மட்டும் ஒனக்கு இரக்கம் வரல்லியே புள்ள?” என்று மசூர் கேலியாகவும், பின்பு கோபமாகவும் கேட்டுப் பார்த்தார்.

அன்று பரீட்சை அறைக் கட்டிலில் நோயாளியாக ஒரு சிங்கள அம்மா படுத்திருந்தாராம். காலையிலிருந்து பரீட்சைக்கு வந்தவர்கள் ஒவ்வொருவராக அவருடைய வயிற்றை அழுத்திப் பார்த்திருந்தார்கள். பஸ்மிலா மெல்லத் தொட்டதும் அவர் முகம் சுருங்கியது.

“இன்னும் ஆழமாக அழுத்திக் காட்டுங்கள்” என்றார் பரீட்சகர்.

அழுத்தாவிட்டால் புள்ளி இல்லை, புள்ளி இல்லாவிட்டால் மீண்டும் முதலிலிருந்து. பஸ்மிலாவுக்கு அது தெரியும். அவருடைய கை இந்த முறை தயங்கவேயில்லை என்கிறார் நுஸ்ஹா. விலகிக் கிடந்த போர்வையை இழுத்து, அந்த அம்மாவின் வயிற்றை மூடிவிட்டு நிமிர்ந்தார்.