மீன் விற்ற குரல்

என் நாத்தனார் இறந்த பிறகு எட்டு மாதம், அவர் குரலை வைத்து நான் மீன் விற்றேன்.

அவர் என் வீட்டுக்காரரின் அக்கா. புருஷன் போன பிறகு எங்களோடுதான் இருந்தார். நாங்கள் இரண்டு பேரும் பல வருஷம் கடலை ஒட்டிய எங்கள் ஏரிக்கரையிலிருந்து பஸ் பிடித்துப் பொன்னேரி சந்தைக்குக் கூடை கொண்டுபோனவர்கள். பிறகு சந்தையில் ஆள் குறைந்தது. போனில் சொன்னால் செதில் எடுத்து, துண்டு போட்டு, வீட்டு வாசலுக்கே மீன் வந்துவிடுகிறது என்று எங்களிடம் வழக்கமாக வாங்கும் பெண்களே சொன்னார்கள். மத்தியானம் வரை உட்கார்ந்து ஐஸ் கரைவதைப் பார்த்துவிட்டுத் திரும்பிய ஒரு நாள், பஸ் திருப்பாலைவனம் தாண்டும்போது நாத்தனார் சொன்னார்: "இனிமே அவங்க வரமாட்டாங்க. நாமதான் அவங்க போனுக்குள்ள போவணும்."

அப்படியே போனார். சென்னையில் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் இருந்த சிலரைச் சேர்த்துப் போனில் ஒரு குழு தொடங்கினார். அவருக்கு எழுத வராது. அதனால் படகுகள் கரைக்கு வந்ததும் மீனைப் பார்த்துவிட்டு, நின்ற இடத்திலேயே வாய்ஸ் போடுவார். "எல்லாருக்கும் வணக்கம். இன்னிக்கு நண்டு நல்லா சதையா வந்துகீது. மடவ மீனு இருக்குது. இறா கொஞ்சந்தான். வேணுங்கறவங்க சட்டுனு சொல்லுங்க, வண்டி கெளம்பிடும்." அவ்வளவுதான். மீன் கெட்டுப்போயிருந்தால் அதையும் சொல்லிவிடுவார். ஜனங்களுக்கு அந்தக் குரலின் மேல் நம்பிக்கை. பார்க்காமலே வாங்குகிறவர்கள் வேறு எதைத்தான் நம்புவது?

கடைசி மாதங்களில் அவருக்கு இருமல். நெஞ்சில் சளி என்றுதான் நினைத்தோம். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனபோது நாள் கடந்துவிட்டது என்றார்கள்.

காரியம் முடிந்து நான் அதே போனில் வாய்ஸ் போட்டேன். அக்கா எங்கே என்று கேட்டார்கள். இறந்துவிட்டார் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஊருக்குப் போயிருக்கிறார் என்றேன். அக்கா வந்ததும் வாங்கிக்கொள்கிறோம் என்று பாதிப் பேர் நின்றுவிட்டார்கள். எடுத்த மீனைக் கரையிலேயே வியாபாரியிடம் தள்ள வேண்டியதாயிற்று. இரண்டாவது வாரம் ஒரு காலையில், நண்டும் மடவையும் வந்திருந்தன. போனில் பழைய செய்திகளைத் தள்ளிக்கொண்டே போய், அதே இரண்டையும் நாத்தனார் சொல்லியிருந்த ஒரு பழைய வாய்ஸை எடுத்துக் குழுவில் போட்டேன். போட்டது சரியானதுதானா என்று கேட்பதற்காக அதை வீட்டுக்குள்ளேயே ஓடவிட்டேன்.

பின்கட்டில் வலை பிரித்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர், "வரேங்கா" என்றார்.

சொல்லிவிட்டு அவரும் அப்படியே நின்றுவிட்டார். பிறகு உள்ளே வந்து என் கையிலிருந்த போனைப் பார்த்தார். "இன்னா பண்ற நீ?" என்று கேட்டார். அதற்குள் ஆர்டர்கள் வரத் தொடங்கியிருந்தன. அக்கா வந்தாச்சா, நல்லா இருக்கீங்களா என்று ஒன்றன் கீழ் ஒன்றாக. அவரிடம் காட்டினேன். பார்த்துவிட்டு வலைக்கே திரும்பிப் போனார். அன்றிலிருந்து நான் போனைக் கரைக்கு எடுத்துப்போய்த்தான் கேட்பேன்.

நண்டு நாள், இறால் நாள், கிழங்கான் நாள் என்று எந்த வாய்ஸ் எங்கே இருக்கிறது என்பது எனக்கு மனப்பாடம் ஆயிற்று. ஒரு தரம் அவசரத்தில் எடுத்த வாய்ஸில், பின்னால் தகரக் கூரை மேல் மழை கொட்டிக்கொண்டிருந்தது. எங்களுக்கோ மண் சுடுகிற வெயில். ஓர் அம்மா, அங்கே மழையா என்று கேட்டார். ஆமாம், கடற்கரைப் பக்கம் நல்ல மழை என்று பதில் போட்டேன். வண்டி மெயின் ரோட்டைத் தொடுமுன் வானம் இருண்டு, அதே மாதிரி கொட்டியது. கூரைக்குக் கீழே நின்று அந்தச் சத்தத்தைக் கேட்டபோது, அடுத்ததாக நாத்தனார் நண்டு இருக்கிறது என்று சொல்லப்போகிறார் என்றே எனக்குப் பட்டது.

அதன்பிறகு எதை எடுப்பது என்பதில் பயம் வந்துவிட்டது. ஒரு வாய்ஸில், "இன்னிக்குக் கடல் சரியில்ல, போனவங்க இன்னும் திரும்பல" என்று சொல்லியிருப்பார். மீன் இல்லாத நாளில்கூட அதை நான் தொட்டதில்லை.

இப்படி எட்டு மாதம். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு, ஏரி பார்க்க வந்த ஓர் அம்மா வழி கேட்டுக்கொண்டு எங்கள் வீட்டுக்கே வந்தார். பள்ளிக்கூட டீச்சர். குழு தொடங்கிய நாளிலிருந்து எங்களிடம் வாங்குகிறவர். கையில் ஒரு டப்பா. அக்காவுக்கு இருமல் விடவே மாட்டேங்குது, அதனால் கஷாயப் பொடி அரைத்து வந்தேன் என்றார். நான் வாசலை மறித்தபடி நின்றேன்.

"அக்கா போயி எட்டு மாசம் ஆச்சும்மா" என்றார் என் வீட்டுக்காரர்.

டீச்சர் சிரிக்கப் போனார். சுவரில் மாலை போட்ட படத்தைப் பார்த்தார். அவர் நாத்தனாரை நேரில் கண்டதில்லை. "காலையில பேசினாங்களே" என்று மெதுவாகச் சொன்னார். தன் போனை எடுத்து அன்று நான் போட்டிருந்த வாய்ஸை ஓடவிட்டார். அந்த ஒரு நாளைக்குப் பிறகு எங்கள் வீட்டுக்குள் கேட்காத குரல், வேற்று ஆளின் கையிலிருந்து, வணக்கம் சொல்லி, மடவை இருக்கிறது என்று சொல்லி, இருமியது.

முடிந்ததும் அவர் ஐஸ் பெட்டி மேல் உட்கார்ந்தார். "நான் தினமும் பதில் போட்டேன். உடம்பைப் பாத்துக்கோங்கன்னு. என் பொண்ணுக்கு வரன் அமைஞ்சதைக்கூட முதல்ல அவங்களுக்குத்தான் சொன்னேன். அதெல்லாம் யார் கேட்டது?"

"நான்தாங்க."

தண்ணீர் கொடுத்தேன், குடிக்கவில்லை. தெரு முனை வரைக்கும் போனவர் திரும்பி வந்து, டப்பாவை என் கையில் வைத்துவிட்டுப் போனார். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

மறுநாள் காலை என் குரலில் எல்லாவற்றையும் சொன்னேன். செத்த நாள், காரணம், நான் செய்தது. பதில் வரவில்லை. ஒவ்வொருவராகக் குழுவை விட்டு விலகுவது மட்டும் திரையில் தெரிந்தது. ஒருவர் மட்டும், இத்தனை நாள் சாப்பிட்டதை நினைத்தால் குமட்டுகிறது என்று எழுதியிருந்தார். மூன்று நாள் ஒரு ஆர்டரும் இல்லை. நான்காம் நாள் டீச்சர் அரைக் கிலோ மடவை கேட்டார். வேறு ஒரு வார்த்தையும் எழுதவில்லை.

இப்போது புதியவர்கள் சேர்ந்திருக்கிறார்கள். இவர்களுக்குக் குரல் போதாது, மீனைப் பார்க்க வேண்டும். அதனால் என் வீட்டுக்காரர் செவுளைத் திறந்து காட்ட, நான் வீடியோ எடுக்கிறேன். இன்றைய தேதியையும் சொல் என்கிறார்கள், சொல்கிறேன்.

பழைய ஆட்களில் ஒரு வயதான அம்மா தனியாக ஒரு செய்தி அனுப்பியிருந்தார். மீன் வராவிட்டால் பரவாயில்லை, அக்காவின் வாய்ஸ் மட்டும் தினம் ஒன்று போடமுடியுமா என்று கேட்டிருந்தார். இன்றைக்குக் கிழங்கான் இருக்கிறது என்று என் குரலில் பதில் போட்டேன். ஒரு கிலோ அனுப்பச் சொன்னார்.