இருபத்தெட்டு மார்க் படம்

சண்முகசுந்தரியிடம் படம் எப்படி என்று கேட்டால் கதையைச் சொல்லமாட்டாள். "ஒம்பது பேரு" என்பாள். இல்லையென்றால் "நாப்பத்திரெண்டு பேரு" என்பாள். இடைவேளைக்கு முன்னால், படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே எழுந்து, பக்கத்துக் கதவைத் திறந்துகொண்டு அவளுடைய கேண்டீனுக்கு டீ குடிக்க வந்தவர்களின் எண்ணிக்கை அது. பத்துக்குள் என்றால் படம் மூன்று வாரம் நிற்கும். முப்பதைத் தாண்டினால் மூட்டை கட்டிவிடலாம். தென்காசியில் எங்கள் தியேட்டரில் பத்தொன்பது வருஷமாக இதுதான் சட்டம்.

முதலாளி இசக்கிதுரை அண்ணாச்சி சென்னைக்குப் போன் போட்டு விசாரிப்பார், விநியோகஸ்தர் சொல்வதையும் கேட்டுக்கொள்வார். கடைசியில் கேண்டீன் வாசலில் வந்து நின்று, "சுந்தரி, எத்தன பேரு?" என்பார். அதற்கு மேல் அப்பீல் கிடையாது. நான் மசூது, ஆபரேட்டர். ஒவ்வொரு படத்தையும் இருபது தடவை பார்க்கிறவன் நான். என்னை ஒரு மனுஷனும் ஒருநாளும் கேட்டதில்லை.

இதில் பெரிய வேடிக்கை, அவள் ஒரு படத்தையாவது முழுசாகப் பார்த்ததில்லை. புருஷன் இதே தியேட்டரில் சைக்கிள் ஸ்டாண்டு பார்த்தவர், மஞ்சள்காமாலையில் போய்விட்டார். அப்போது மகள் நிவேதாவுக்கு ஆறு வயசு. அண்ணாச்சி கேண்டீனைக் கையில் கொடுத்தார். அன்றிலிருந்து பருப்பு வடை, டீ, கதவிடுக்கில் வருகிற வசனம், இவ்வளவுதான் அவளுக்குச் சினிமா. யார் தயவும் வேண்டாம் என்று நிமிர்ந்து நடக்கிறவள். வாயும் கொஞ்சம் அதிகம். வடையில் உப்பு குறைவு என்று சொன்ன ஒரு சப்-இன்ஸ்பெக்டரிடம், "அப்ப வீட்ல போயித் தின்னுங்க" என்று சொன்னவள்.

அந்த வாயால்தான் மகளோடு சண்டை வந்தது. நிவேதா கம்ப்யூட்டர் படித்துவிட்டு, பேங்க் பரீட்சை எழுதாமல், சென்னையில் சினிமாவுக்கு கிராபிக்ஸ் செய்கிற கம்பெனியில் போய்ச் சேர்ந்தாள். "பொம்மைக்குச் சட்ட மாட்டுத வேலைக்கா ஒன்ன வடை சுட்டுப் படிக்க வச்சேன்? ஒரு படத்துலயாவது ஒம் பேரு வரட்டும், பொறவு எங்கிட்டப் பேசு" என்று போனில் சொல்லிவிட்டாள். அந்தப் பிள்ளை ரோஷக்காரி. இரண்டு தீபாவளிக்கு ஊருக்கு வரவில்லை. விதை ஒன்று போட்டால் சுரை ஒன்றா முளைக்கும்?

போன ஆனி மாதம், அருவிக்குக் கூட்டம் வருகிற சாரல் சீசன் உச்சத்தில் இருக்கும்போது, நிவேதாவே கூப்பிட்டாள். "கவசன்" என்று ஒரு சூப்பர் ஹீரோ படம், இரண்டரை வருஷம் அதில்தான் வேலை பார்த்திருக்கிறாள், பெயர் கடைசியில் வருகிறது. வெள்ளிக்கிழமை ரிலீஸ். அவளுக்கு லீவு கிடைத்தது திங்கள்கிழமை. அன்று சாயங்காலம் பொதிகை ரயிலில் ஏறி, செவ்வாய் காலை வந்துவிடுவாள். "ஒன் தியேட்டர்லதாம்மா போடுதாங்க. ரெண்டு பேரும் சேந்து உக்காந்து பாக்கணும். பேரு வார வரைக்கும் எந்திரிக்கக் கூடாது."

சுந்தரி அன்று டீயில் இரண்டு தடவை சர்க்கரை போட்டாள். யாரும் குறை சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை மத்தியானமே அண்ணாச்சி போனைத் தூக்கிக்கொண்டு வந்தார். விமர்சகர்கள் எழுதுவதையெல்லாம் ஒன்றாகச் சேர்த்து மார்க் போடுகிற ஒரு வலைத்தளம் இருக்கிறதாம். "கவசன் இருபத்தெட்டு, கேட்டியா? நூத்துக்கு இருபத்தெட்டு! பத்தாம் வகுப்புல கூட முப்பத்தஞ்சு வேணும். ஞாயித்துக்கிழமை வர பாப்பேன். திங்கள்ல இருந்து வேற படம்."

சுந்தரி வாணலியைப் பார்த்தபடியே, "செவ்வா வர இருக்கட்டும் அண்ணாச்சி" என்றாள்.

"எதுக்கு?"

மகள் பெயர் வருகிறது என்று அவள் சொல்லவில்லை. எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. சொல்லியிருந்தால் ஒருவேளை இரக்கப்பட்டு வைத்திருப்பார். இரக்கத்துக்குக் கை நீட்டுகிற சாதி இல்லை அவள். "எங்கணக்கப் பாத்துட்டுச் சொல்லுதேன்" என்றாள்.

அன்று மகளிடம் போனில் கேட்டாள், நான் பக்கத்தில்தான் நின்றேன். நிவேதா குரலே உடைந்திருந்தது. "அது மார்க்கே இல்லம்மா. நாப்பது பேரு எழுதுனாங்க. அதுல பதினோரு பேரு நல்லாருக்குன்னாங்க, அதான் இருபத்தெட்டு. மிச்சத்துல பாதிப் பேரு சுமாருன்னுதான் எழுதியிருக்காங்க. சுமாரும் அங்கன மோசத்துலதான் சேரும்."

"இதென்ன கணக்கு! எங் கடையில நாப்பது பேரு வடை திங்கான். இருபது பேரு பரவால்லங்கான். அதுக்காக வடையத் தூக்கி ஓடையிலயா போடுவாவ?" என்று கத்தினாள் சுந்தரி. எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. ஆனால் அவளும் ஒரு எண்ணை வைத்துக்கொண்டுதானே பத்தொன்பது வருஷமாகப் படங்களின் கழுத்தை அறுத்தாள்? அதை நான் வாய்விட்டுச் சொல்லவில்லை. கரண்டி அவள் கையில் இருந்தது.

சனிக்கிழமை மூன்று காட்சியிலும் அவள் கதவையே பார்த்துக்கொண்டு நின்றாள். கதவு அசைந்தால் முகம் சுருங்கும். மதியக் காட்சிக்கு ஏழு பேர் வந்தார்கள். சாயங்காலம் ஒன்பது. கடைசிக் காட்சிக்கு வெறும் நான்கு. அவள் கணக்கில் அது வெள்ளிவிழாப் படம். அண்ணாச்சி தலையைச் சொறிந்தார். "நாப்பது பேரு ஒருமாரி சொல்லுதான், நீ ஒருமாரி சொல்லுத." ஆனாலும் அவர் அவளைத்தான் நம்பினார். ஞாயிறு மதியக் காட்சி முடியட்டும், பார்த்துக்கொள்ளலாம் என்றார்.

 ஆனால் மேலே என் அறையில் ஒரு ஜன்னலிலிருந்து ஹால் முழுக்கத் தெரியும், இன்னொன்றிலிருந்து கேண்டீன் வாசல் தெரியும். நான்கே பேர் வெளியே வந்ததற்குக் காரணம் எனக்குத் தெரியும்.

சித்திரையில்தான் அண்ணாச்சி ஏசி போட்டு, மெத்தை நாற்காலி மாற்றியிருந்தார். அதற்கு முன்னால் மூட்டைப்பூச்சிக்குப் பயந்தே ஒருவனும் கண்ணை மூடமாட்டான். இது ஏசி வந்த பிறகு முதல் சீசன். காலையில் எண்ணெய் தேய்த்து ஐந்தருவியில் நின்றவர்கள், பரோட்டாவும் கோழியும் ஒரு பிடி பிடித்தவர்கள், மலையில் மழை கூடியதால் குளிக்கத் தடை போட்டுக் கரையேற்றி விடப்பட்டவர்கள், எல்லாம் வேன் வேனாக வந்து டிக்கெட் எடுத்தார்கள். ஈரத்துண்டை முன் நாற்காலியில் விரித்தார்கள். கவசன் வானத்தில் பறக்கும்போது பாதி ஹால் குறட்டை விட்டுக்கொண்டிருந்தது.

நான் சொல்லவில்லை. மூன்று நாள் வாயை மூடிக்கொண்டிருந்தால் ஒரு தாயும் மகளும் சேர்ந்து படம் பார்ப்பார்கள், அதனால் யாருக்கு என்ன கெட்டுப்போகிறது?

ஞாயிறு மதியம். இடைவேளைக்குப் பத்து நிமிஷம் இருக்கும். அதுவரை வெளியே வந்தது ஐந்து பேர். அண்ணாச்சி வழக்கம்போல் வாசலில் நின்றார். சுந்தரி ஐந்து விரலையும் காட்டினாள். அவர் திங்கள்கிழமைக்கு வேறு படத்தை வேண்டாம் என்று சொல்ல போனை எடுத்தார். அந்த நேரம் பார்த்து, ஈரக் கைலியோடு ஒரு ஆள் கதவைத் திறந்து, கொட்டாவி விட்டுக்கொண்டே, "எக்கா, இடைவேள விட்டாச்சா? நல்ல ஒறக்கம்" என்றான்.

சுந்தரி அவனைப் பார்த்தாள். கரண்டியை வைத்தாள். கதவைத் தள்ளிக்கொண்டு ஹாலுக்குள் போனாள். நான் மேலே ஜன்னலில் இருந்து பார்க்கிறேன். அவள் நடுப்பாதையில் மெதுவாக நடந்தாள். இருபுறமும் வாய் பிளந்து கிடந்த முகங்களை வரிசை வரிசையாகப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து என் ஜன்னலைப் பார்த்தாள். எனக்குத் தெரிந்திருந்தது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. நான் முகத்தை உள்ளே இழுத்துக்கொண்டேன்.

பேசாமல் திரும்பிப் போயிருக்கலாம். அண்ணாச்சி போனில் பேசிக்கொண்டுதான் இருந்தார். இன்னும் இரண்டு நாள்தானே? நான் மனசுக்குள், "போட்டும் தாயி, சும்மா இரு" என்று கெஞ்சினேன்.

அவள் நேரே போய் அவர் முன் நின்றாள். "போன வைங்க அண்ணாச்சி. எங்கணக்கு தப்பு. உள்ள பாதிப் பேரு ஒறங்குதாவ."

அவர் ஹாலை எட்டிப் பார்த்தார். நிதானமாக, "அப்ப அந்த இருபத்தெட்டுதான் சரி" என்றார்.

அங்கேதான் அவளுக்குப் பற்றிக்கொண்டது. "அது எப்படிச் சரியாவும்? எண்ணெ தேச்சுக் குளிச்சவன் ஒறங்குனதுக்குப் படம் என்ன செய்யும்? நான் எண்ணுனேன், நீங்க போனப் பாத்திய. நம்ம ரெண்டு பேருல யாரு படத்தப் பாத்தா?"

அவர் மேலே நிமிர்ந்து, "மசூது, எப்படிவே படம்?" என்றார். முப்பது வருஷத்தில் முதல் தடவையாக என்னைக் கேட்கிறார். "ரெண்டு பேரும் ஒருக்க உக்காந்து பாருங்க" என்றேன்.

ஆறு மணிக் காட்சிக்கு இரண்டு பேரும் உட்கார்ந்தார்கள். அவர் ஒரு ஓரம், இவள் ஒரு ஓரம். கேண்டீனை அண்ணாச்சி வீட்டு வேலைக்கார உலகம்மை பார்த்துக்கொண்டாள். சுந்தரி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, பஸ்ஸில் இருப்பதுபோல் முன் நாற்காலியின் முதுகைப் பிடித்தபடி இருந்தாள். நான் படத்தைப் பார்க்கவில்லை, அவளைத்தான் பார்த்தேன். முதல் பாதியில் கவசனின் சின்ன வயசு, அப்பா சோகம், நண்பன் துரோகம். ஒரு தடவை அவளுடைய தலையே சாய்ந்து நிமிர்ந்தது. அல்லாவே என்று இருந்தது எனக்கு.

இரண்டாம் பாதியில் அணை உடைகிறது. தண்ணீர் மலையிலிருந்து இறங்குகிறது. அவள் பிடியை விட்டுவிட்டாள். செம்மண் கலந்த வெள்ளம், மேலே வெள்ளையாக நுரை, பாறையில் மோதி ஐந்தாகப் பிரிந்து, அதில் ஒன்று மட்டும் ஓரமாக விசிறிபோல் தெறித்தது. சீசனில் வெள்ளம் வரும்போது ஐந்தருவிக் கரையில் நின்று பார்த்தவர்களுக்கு அது தெரியும். பின் வரிசையில் உறங்கிக்கொண்டிருந்த ஒரு ஆள் விழித்துக் காலைத் தூக்கி நாற்காலியில் வைத்துக்கொண்டான்.

படம் முடிந்தது. என் விரல் பழக்கத்தில் பட்டனுக்குப் போய்விட்டது. கடைசியில் பெயர்கள் ஓடத் தொடங்கியதும் நிறுத்தி லைட்டைப் போடுவேன். அடுத்த காட்சிக்கு ஹாலைப் பெருக்க வேண்டுமே. எங்கள் ஊரில் எல்லாத் தியேட்டரிலும் அதுதான் வழக்கம். எத்தனை ஆயிரம் பெயர்களை இந்த விரல் அணைத்திருக்கும் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. கூட்டம் எழுந்து நடந்தது. அவள் மட்டும் திரும்பி என் ஜன்னலைப் பார்த்தாள். நான் கையை எடுத்துவிட்டேன்.

பெயர்கள் ஓடின. எல்லாம் இங்கிலீஷ், பொடி எழுத்து. எட்டாம் வகுப்போடு நின்றவள், எழுத்துக் கூட்டுவதற்குள் வரிசை மேலே போய்விடுகிறது. அவள் எழுந்து திரைக்குப் பக்கத்திலேயே போய்விட்டாள். திடீரென்று கையைத் தூக்கினாள். நான் படத்தை அப்படியே நிறுத்தினேன்.

உதடு அசைந்தது. நிவேதா. அதற்குப் பக்கத்தில் இன்னொரு பெயர் இருந்தது. அதைக் கூட்ட அவளுக்கு ரொம்ப நேரம் ஆனது. நீளமான பெயர். அண்ணாச்சிதான் பின்னாலிருந்து சத்தமாக வாசித்தார்: "நிவேதா சண்முகசுந்தரி."

அவள் திரும்பவே இல்லை. தோள் மட்டும் குலுங்கியது. ஹாலைப் பெருக்க வந்தவர்கள் துடைப்பத்தோடு அப்படியே நின்றார்கள். நான் மேலே தனியாக அழுதேன், சொல்ல எனக்கு வெட்கமில்லை.

அண்ணாச்சி அவள் பக்கத்தில் வந்து, "படம் செவ்வா வர இருக்கட்டும் சுந்தரி" என்றார்.

"வேண்டாம். மொதப் பாதி அறுவை. நானே கண்ணசந்துட்டேன். நாளைக்கு மாத்திருங்க" என்றாள் அவள். கிறுக்கு என்று நினைத்தேன். ஆனால் பத்தொன்பது வருஷ வாய், பொய் சொல்லிப் பழக்கமில்லை.

செவ்வாய் காலை நிவேதா ரயிலடியிலிருந்து நேரே கேண்டீனுக்கு வந்தாள். வாசலில் வேறு படத்துப் போஸ்டர் ஒட்டியிருந்தது. அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். மெலிந்து, கண்ணைச் சுற்றிக் கருப்பாக இருந்தாள். அதற்குள் இன்னும் இரண்டு பேர் எழுதி, மார்க் இருபத்தாறாகக் குறைந்துவிட்டதாம். சுந்தரி வடையைத் திருப்பிப் போட்டபடி, "அந்த வெள்ளம் நீ செஞ்சதா?" என்று கேட்டாள்.

"எங்க டீம்மா. அந்தப் பாறையில தெறிக்கது மட்டும் நான். எட்டு மாசம்."

"மூணாவது பிரிவுதான? வெள்ளம் வந்தா அப்படித்தான் ஓரமாத் தெறிக்கும்."

நிவேதாவின் கண் நிறைந்துவிட்டது. "இத்தன பேரு எழுதுனாங்க. ஒருத்தரு கூட அதச் சொல்லல. இப்படி ஒரு படத்துலயா போயி ஒம் பேரப் போட்டேன்? மன்னிச்சிரும்மா."

சுந்தரி அடுப்பை அணைத்தாள். மகளின் முகத்தை எண்ணெய்க் கையாலேயே பிடித்துக்கொண்டாள்.

"ஏட்டி, நம்ம பேரு எப்ப வருது? எல்லாரும் எந்திச்சுப் போன பொறவு வருது. அந்த நாப்பது பேரும் அதுக்கு முன்னாலயே மார்க்கப் போட்டுட்டுப் போயிட்டாவ. நான் ஒருத்திதான் நின்னு பாத்தேன். எம் பேருக்கு எத்தன மார்க்குன்னு எங்கிட்டக் கேளு."

அந்தப் பிள்ளை கேட்கவில்லை. அம்மாவின் தோளில் சாய்ந்து விம்மியது. வடை ஒரு பக்கம் கருகியிருந்தது. நான் அதை எடுத்துத் தின்றுவிட்டு, மதியக் காட்சிக்கு ஆயத்தம் செய்ய மேலே ஏறினேன்.