நடுப்பக்கத்தில் வைத்த முகூர்த்தம்

அறுபதுகளின் நடுவில், செஞ்சிக் கடைத்தெருவில் கயிறும் சாக்கும் விற்றுக்கொண்டிருந்த நான் ஒரு நாவல் எழுதி முடித்தேன். அப்போது எனக்கு வயது முப்பத்து நான்கு. திருமணம் ஆகவில்லை. இவ்விரு செய்திகளையும் தொடக்கத்திலேயே கூறிவிடுவது முறை. பின்னால் நேர்ந்தவற்றுக்கெல்லாம் இவையே காரணம்.

நாவலைக் கடையில் அமர்ந்தே எழுதினேன். ஒவ்வொரு உரையாடலையும் உரக்கச் சொல்லிப் பார்த்த பிறகே தாளில் ஏற்றுவது என் வழக்கம். ஒரு முறை, “என்னை ஏமாற்றிவிட்டீர், இனி உம் முகத்தில் விழியேன்” என்று நாயகியின் வாசகத்தைச் சொல்லிக்கொண்டிருந்தபோது, கிணற்றுக் கயிறு வாங்கவந்து வாசலில் நின்ற தளவானூர்க்காரர் ஒருவர், தாம் என்ன தவறு செய்தோம் என்று மிகுந்த பணிவுடன் கேட்டார். அவரைச் சமாதானப்படுத்த நான்கு முழம் கயிறு அதிகமாக அளந்து கொடுக்க நேர்ந்தது.

கைப்பிரதியைச் சென்னையில் இருந்த இரு பதிப்பகங்களுக்கு அனுப்பினேன். இரண்டிடத்திலிருந்தும், பிரசுரிப்பதற்கில்லை என்ற மரியாதையான கடிதத்துடன் திரும்பி வந்தது. கடிதங்கள் என்னை வருத்தவில்லை. ஆனால் நான் கயிற்று வியாபாரி. பொட்டலத்தின் மேல் நான் இட்ட முடிச்சு எது, பிறர் இட்ட முடிச்சு எது என்பது எனக்குத் தெரியும். இரு முறையும் என் முடிச்சு நான் போட்டபடியே இருந்தது.

அன்றுதான் ஒரு முடிவுக்கு வந்தேன். புகழ் வேண்டாம், விற்பனையும் வேண்டாம். யாரேனும் ஒருவர் முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை இதைப் படித்துவிட்டு, நல்லதோ கெட்டதோ, ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அதன் பொருட்டு நானே என் நூலை அச்சிடத் துணிந்தேன்.

எங்கள் கடைத்தெருவில் ஓர் அச்சகம் இருந்தது. உரிமையாளர், எழுத்துக் கோப்பவர், மிதி இயந்திரத்தை மிதிப்பவர் ஆகிய மூவரும் ஒருவரே. அவர் வாழ்நாளில் அச்சிட்டவை பெரும்பாலும் கல்யாணப் பத்திரிகைகள். என் நாவலையும் அவர் அந்தச் சிரத்தையுடனேயே அணுகினார். மேலட்டை மஞ்சள் நிறத்தில் அமைந்தது. அவரிடம் இருந்த அட்டை அது ஒன்றுதான். அட்டையின் உச்சியில் பிள்ளையார் வீற்றிருந்தார்; பிள்ளையார் இல்லாமல் தம் இயந்திரத்தில் இதுவரை ஒரு தாளும் ஏறியதில்லை என்றார். பிரதிகளின் நான்கு மூலைகளிலும் அவரே மஞ்சள் தடவி, அதற்குக் கூலி வேண்டாம் என்று பெருந்தன்மையுடன் மறுத்தும் விட்டார்.

நாவலின் நடுவில், நாயகியின் திருமணப் பத்திரிகை முழுவதையும் நான் எடுத்துக் காட்டியிருந்தேன். கதைக்கு மெய்ம்மை வேண்டும் என்பது என் கொள்கை. ஆகவே அச்சகத்துச் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்து, வரவிருந்த தை மாதத்தில் நல்ல முகூர்த்தமுள்ள ஒரு வெள்ளிக்கிழமையைத் தேர்ந்து, இடம் எங்கள் கடைத்தெருச் சத்திரம் என்று எழுதியிருந்தேன். மற்ற பக்கங்களைத் தடுமாறிக் கோத்த அச்சகத்தார், இந்தப் பக்கத்துக்கு வந்ததும் வீடு வந்து சேர்ந்தவர்போல் ஆனார். பூ வேலைப்பாடுள்ள கட்டம் அமைத்தார். பெரிய எழுத்தில் கோத்தார். இந்த ஒரு பக்கத்துக்கு மட்டும் சிவப்பு மை போட்டார். புத்தகத்தை நடுவில் கம்பியால் தைத்திருந்தபடியால், எவர் கையில் எடுத்தாலும் அது அந்தப் பக்கத்தில்தான் விரிந்தது.

நூல் விற்க எந்தக் கடையும் இசையவில்லை. எனவே வீடு வீடாகச் சென்று வழங்கினேன். ஒரு நூலை வெறுங்கையால் நீட்டுவது கல்விக்குச் செய்யும் அவமரியாதை என்று கருதி, தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு வைத்து, அதன்மேல் புத்தகத்தை வைத்து, “அவசியம் பார்க்க வேண்டும்” என்று கேட்டுக்கொண்டேன். எல்லோரும் முகம் மலர்ந்து வாங்கிக்கொண்டார்கள். சில பெண்மணிகள் கண் கலங்கினார்கள். இலக்கியத்துக்கு நம் ஊரில் இத்தனை மதிப்பா என்று வியந்து, மனநிறைவுடன் வீடு திரும்பினேன்.

அந்தத் தை வெள்ளிக்கிழமை காலை, வழக்கம்போல் கடையைத் திறந்து சாக்குகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். சத்திரத்துக் காவலாளி மூச்சு வாங்க வந்து நின்றார்.

“இன்னாபா இது, மாப்பிள்ளையே கடையில உக்காந்துனு இருந்தா எப்படி? ஜனமெல்லாம் வந்து காத்துனு இருக்குது.”

சென்று பார்த்தேன். ஏறக்குறைய நான் தாம்பாளம் நீட்டிய அத்தனை பேரும் அங்கே இருந்தார்கள். வல்லத்திலிருந்து மாட்டுவண்டி கட்டிக்கொண்டு ஒரு குடும்பமே வந்திருந்தது. ஒருவர் பித்தளைக் குடம் கொண்டுவந்திருந்தார். பத்திரிகையில் மணமகன் பெயர் வேறாக இருந்ததே என்று பிற்பாடு கேட்டபோது, கயிற்றுக்கடைக்காரர் என்றே என்னை அழைத்து வந்த ஊருக்கு என் முறையான பெயர் எவ்வாறு தெரியும் என்று என்னையே திருப்பிக் கேட்டார்கள். புத்தகம் ஏன் அவ்வளவு தடிமன் என்பதற்கும் அவர்களிடம் விடை இருந்தது: பெண் வீட்டாருக்குப் பெரிய சுற்றம், பெயர்களெல்லாம் வர வேண்டாமா?

முன்வரிசையில், புது வேட்டியுடன் அச்சகத்தார் அமர்ந்திருந்தார். ஒவ்வொரு எழுத்தையும் தம் விரலால் எடுத்துக் கோத்தவர் அவர். நீருமா வந்தீர் என்றேன்.

“நான் எங்க படிச்சேன்? கோக்கறவன் எழுத்தைத்தான் பாப்பான். முகூர்த்தப் பக்கம் மட்டும்தான் மனசுல நின்னுது.”

நான் மணமேடை இருக்கவேண்டிய இடத்தில் நின்று, திருமணம் ஏதும் இல்லை என்று அறிவித்தேன். பிறகு எல்லோரும் எழுந்து வந்து என் கைகளைப் பற்றிக்கொண்டார்கள். பெண் வீட்டார் நல்லவர்கள் அல்லர் என்று அப்போதே கேள்விப்பட்டதாக ஒருவர் சொன்னார். இல்லாத பெண் வீட்டாரைப் பற்றி அவர் எங்கே கேள்விப்பட்டார் என்பது இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. இது கதை, முழுக்கக் கற்பனை என்று புத்தகத்தைத் தூக்கிக் காட்டினேன். பாவம், அதிர்ச்சியில் பேசுகிறார் என்றார்கள். பித்தளைக் குடத்தைத் திருப்பிக் கொடுத்தேன். கொண்டுவந்தவர் வாங்க மறுத்தார்.

“வச்சுக்க. அடுத்த பொண்ணுக்கு ஆவும்.”

அவர்கள் ஒவ்வொருவராகப் படியிறங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றபோதுதான், என் உள்ளத்தில் ஒன்று உறைத்தது. என் நாவலின் கடைசி அத்தியாயத்தில் அத்திருமணம் நடப்பதில்லை. தாலி கட்டுமுன் நாயகி எழுந்து சத்திரத்தை விட்டு வெளியேறிவிடுகிறாள். ஆகவே இங்கு வந்திருந்த ஒவ்வொருவரும் என் நூலைப் படிக்காதவர். படித்தவர் என்று ஒருவர் இருந்தால், அவர் இங்கு வந்திருக்க மாட்டார்.

வராதவர் யார் என்று நினைவைத் துழாவினேன். மூவர்தான். அரிசிக்கடைக்காரர் வீட்டுக்குச் சென்றேன். காய்ச்சலில் படுத்திருந்தவர், வர இயலாமைக்கு மன்னிக்கும்படி வேண்டினார். அடுத்தவர் வீட்டில் பூட்டுத் தொங்கியது. அறுவடைக்காக நிலத்துக்குப் போயிருப்பதாகவும், விருந்துக்கு வந்துவிடுவாரென்றும் பக்கத்து வீட்டில் தெரிவித்தார்கள். எஞ்சியவர், தகரப் பெட்டி செய்யும் பாய். என்னைவிட இருபது வயது மூத்தவர். அவர் பட்டறை சந்தின் கோடியில் இருந்தது. பித்தளைக் குடத்தைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். இவரும் வேறு காரணம் சொல்லிவிட்டால் என் நூல் எவராலும் படிக்கப்படாத நூல் என்பது உறுதியாகிவிடும். சந்தின் நடுவில் சற்று நேரம் நிற்க வேண்டியதாயிற்று.

பாய் தகரத்தைத் தட்டிக்கொண்டிருந்தார். என்னையும் குடத்தையும் பார்த்தார், சுத்தியலை நிறுத்தவில்லை. சத்திரத்துக்கு ஏன் வரவில்லை என்று கேட்டேன்.

“அந்தப் பொண்ணுதான் தாலி கட்டறதுக்கு முன்னாடியே எழுந்து பூட்டாளே தம்பி. அப்புறம் நான் எதுக்கு வரணும்?”

அங்கிருந்த, மூடி பொருத்தப்படாத பெட்டி ஒன்றின் விளிம்பில் அமர்ந்துவிட்டேன். தகரம் நெளிந்தது. அவர் அதைப் பொருட்படுத்தவில்லை.

“ஆனா ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். எழுந்து போனவ எங்க போனா? நீ எழுதவே இல்லையே.”

எனக்குத் தெரியாது என்றேன். தெரியாமலா அச்சுக்குக் கொடுத்தாய் என்று கேட்டுவிட்டு, அவர் முதன்முறையாகச் சுத்தியலைக் கீழே வைத்தார். நாங்கள் அவளைத் தேடத் தொடங்கினோம். ராஜகிரிக் கோட்டை மலையில் ஏறியிருக்கலாம் என்றேன். பட்டுப்புடவையோடு அந்தப் படிகளில் ஏற முடியாதென்றார். அப்போது சந்து வழியே சென்ற விருந்தினர் ஒருவர் என்னைக் கண்டு நின்று, மனதைத் தளரவிடாதே என்று தேற்றினார். தலைகுனிந்து அதை ஏற்றுக்கொண்டு, அவர் அகன்றதும், அப்படியானால் திண்டிவனம் பஸ் பிடித்திருப்பாள் என்றேன்.

பாய் தலையசைத்து மறுத்தார்.

“பஸ்ஸுக்கு இன்னா பண்ணுவா? ஒத்தக் காசு வீட்டுல அவ கையில தர்றதில்லன்னு மூணாவது அத்தியாயத்துல நீதானே எழுதியிருக்க?”

நான் மறந்துபோயிருந்த வரி அது.