ஒரே நம்பரில் இரண்டு வீடு

பால்காரர் ஊற்றிய பாலில் விரல் விட்டுப் பார்க்காமல் நான் அடுப்பில் வைத்ததில்லை. பிறவிச் சந்தேகம் என்பார் என் கணவர். அவர் ராணுவத்தில் இருந்தார். இரண்டாயிரத்தின் தொடக்க வருடங்களில் அவரை வடக்கே எல்லைப் பக்கம் அனுப்பிவிட, புனேயில் வானவடி பக்கம் மூன்றாவது மாடி வாடகை வீட்டில் நான் தனியாக இருந்தேன். ஞாயிற்றுக்கிழமை மாலை நாலு மணிக்கு அவர் முகாமிலிருந்து பக்கத்து ஊருக்கு வந்து, சைபர் கஃபேயில் அரை மணி நேரம் உட்காருவார். இருவரும் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு பேசுவோம். மற்ற ஆறு நாளும் நான் அந்த அரை மணிக்காகத்தான் சமைத்தேன், சாப்பிட்டேன், தூங்கினேன்.

எங்கள் கட்டடத்துக்கு இன்டர்நெட் கொடுத்தவர் டிவி கேபிள்காரர். மொட்டை மாடியில் ஒரு பெட்டியை வைத்து, அதிலிருந்து வீட்டுக்கு வீடு நீல ஒயர் இறக்கியிருந்தார். ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் ஒரு நம்பர் உண்டு, புள்ளி வைத்து நான்கு துண்டாக. தபால் சரியான வீட்டுக்குப் போக கதவு எண் வேண்டும் இல்லையா, அதுபோல. கட்டடத்தில் எல்லோருக்கும் முதல் மூன்று துண்டும் ஒன்றே. கடைசித் துண்டுதான் வீட்டுக்கு வீடு மாறும். எனக்கு 17 என்று சீட்டில் எழுதி மானிட்டரில் ஒட்டிவிட்டுப் போனார்.

அவர் படியிறங்குவதற்குள் நான் கூட்டிவிட்டேன். ஒன்றும் ஏழும் எட்டு. எங்கள் குடும்பத்தில் நம்பரைக் கூட்டினால் எட்டு வருகிற ஸ்கூட்டரைக்கூட வாங்க மாட்டார்கள். கணவர் எல்லையில் நிற்கும்போது வீட்டில் எட்டா? கேபிள்காரர் நம்பர் போடத் திறந்து காட்டிய அதே இடத்தில் போய் ஏழை அழித்து எட்டைப் போட்டேன். பதினெட்டு, கூட்டினால் ஒன்பது. நெட் ஜோராக ஓடியது. மாற்றியதையே மறந்துபோனேன்.

ஒரு மாதம் கழித்துக் கீழ்வீட்டு ஆன்ட்டி கம்ப்யூட்டர் வாங்கினார். முப்பது வருடமாகப் புனேயில் இருக்கிற தமிழர். அவர் கணவர் வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஜெர்மனியில் இருக்கும் மகனோடு பேசத்தான் வாங்கினாராம். டப்பாவில் ஜவ்வரிசியில் செய்த சாபுதானா கிச்சடி கொண்டுவந்து கொடுத்துவிட்டு, “உன் வீட்டுக்காரர் எப்போ பேசுவாரு?” என்று கேட்டார். நானும் வெள்ளந்தியாகச் சொன்னேன்.

அந்த ஞாயிறு மூன்றே முக்காலுக்கு கம்ப்யூட்டரைப் போட்டதும் திரையில் ஓர் எச்சரிக்கை: இந்த நெட்வொர்க்கில் வேறொரு கம்ப்யூட்டர் உங்கள் எண்ணோடு மோதுகிறது. நெட் செத்துவிட்டது. அவர் அங்கே அரை மணி காத்திருந்து எழுந்து போயிருப்பார். நான் பால்கனியில் நின்று வாய்விட்டு அழுதேன்.

அழுகை ஓய்ந்ததும் மூளை வேலை செய்யத் தொடங்கியது. அவர்கள் கம்ப்யூட்டர் வந்த பிறகுதான் இந்தக் கூத்து. நேரத்தை ஏன் விசாரிக்க வேண்டும்? அவர்கள் ஒயர் என் ஜன்னலை உரசிக்கொண்டுதானே இறங்குகிறது? என் நெட்டைத் திருடுகிறார்கள், நாங்கள் பேசுவதை ஒட்டுக்கேட்கிறார்கள் என்றே முடிவுகட்டினேன். டப்பாவைக் கழுவி, காலி டப்பாவாக, மணி அடிக்காமல் அவர் வாசலில் வைத்துவிட்டு வந்தேன். மறுநாள் மாடிப்படியில், “சுனோம்மா, கேளு, உன் நெட்டு...” என்று ஆரம்பித்தார். “வேலை இருக்கு ஆன்ட்டி” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு ஏறிவிட்டேன். எவ்வளவு துணிச்சல் பார் என்று கொதித்தது.

பிறகு வந்த ஞாயிறுகளில் நாலு மணிக்கு மட்டும் நெட் ஒழுங்காக வந்தது. மற்ற நாட்களில் அதே மோதல். என் சந்தேகம் இன்னும் இறுகியது. திருடிக்கு ஞாயிறு விடுமுறை, அந்த நேரம் கோயிலுக்குப் போகிறாள் போல என்று நினைத்தேன். எந்த நாள், எத்தனை மணி என்று நோட்டில் குறித்துவைத்தேன். கையும் களவுமாகப் பிடித்துத் தரச் சொல்லிக் கேபிள்காரரைக் கூப்பிட்டேன்.

அவர் திரையைப் பார்த்தார், மானிட்டரில் இருந்த சீட்டைப் பார்த்தார், தன் நோட்டைப் புரட்டினார். “மேடம், ஆப்கா தோ சத்ரா ஹை. அட்டாரா நீச்சேவாலி ஆன்ட்டி கா.” என்னுடையது பதினேழு, பதினெட்டு கீழ்வீட்டு ஆன்ட்டியுடையது. இரண்டு வீட்டில் ஒரே நம்பர் இருந்தால் முதலில் ஆன் செய்தவருக்குத்தான் இடம், பின்னால் வருகிறவர் வெளியே என்றார். கீழேயிருந்து ஒரு புகார்கூட வரவில்லையே என்று அவருக்கே ஆச்சரியம்.

என்னை நினைத்தால் எனக்கே கூசியது. நேராகக் கீழே போய் எல்லாவற்றையும் சொன்னேன். ஒன்று மட்டும் புரியவில்லை. “ஞாயித்துக்கெழம நாலு மணிக்கு மட்டும் எனக்கு எப்படி ஆன்ட்டி வந்துச்சு?”

“மொத வாரம் நீ அழுதது கீழ கேட்டுச்சும்மா. என் ஸ்க்ரீன்லயும் அதே மோதல்னு வந்துச்சு. நான் பந்த் பண்ணி அணைச்சா உன்னுது சாலு ஆகி ஓடுதுன்னு அப்பறமா புரிஞ்சுது. சொல்லலாம்னு வந்தேன், நீ நிக்கல. அதான் சண்டே ஆனா மூணரைக்கே பந்த் பண்ணிடுவேன்.”

“அப்ப உங்க பையன்?”

“அவனும் அந்த டைமுக்குத்தான் வருவான். பரவால்லம்மா. அவன் ஜெர்மனில ஏசி ரூம்ல இருக்கான். உன் வீட்டுக்காரர் பார்டர்ல இல்ல நிக்கிறாரு?”

மேலே வந்து எட்டை அழித்து ஏழு போட்டேன். அடுத்த ஞாயிறு நாங்கள் பேசிக்கொண்டிருந்தபோது கீழிருந்து ஆன்ட்டியின் சிரிப்பு கேட்டது. “யாரது இப்படிச் சிரிக்கிறது?” என்று கேட்டார் கணவர். “பதினெட்டாம் நம்பர் ஆன்ட்டி, மகனோட பேசுறாங்க” என்றேன்.