சொட்டும் அவள் நாத்தனாரும்

ஆய்வகத்தில் அவளுக்குச் சொட்டு என்று பெயர். திரவத்தை உறிஞ்சி அளந்து விடும் பிப்பெட் முனையிலிருந்து ஒரு சொட்டுகூட வீணாகச் சிந்தமாட்டாள் என்பதால் வைத்தது. "ஆளும் சொட்டு சைஸ்தானே" என்று நாத்தனார் ஊரைக் கூட்டிச் சிரிப்பாள்.

அந்த நாத்தனாருக்கு அங்கே வேலை வாங்கிக் கொடுத்ததே சொட்டுதான். தன் தங்கை, வீட்டில் சும்மா உட்கார்ந்துகொண்டு அம்மாவோடு மல்லுக்கு நிற்கிறாள் என்று பஸ் ஓட்டும் புருஷன் புலம்பியபோது, ஆய்வகத் தலைவரிடம் கெஞ்சிக் கூத்தாடிப் பக்கத்து மேசையில் உட்காரவைத்தாள். "வேலியில போற ஓணானை எடுத்து மடியில விட்டுக்கிட்டியேம்மா" என்றார் தரை துடைப்பவர். சொட்டு சிரித்துவிட்டுப் போனாள்.

வேலை கடினமில்லை, பொறுமைதான் வேண்டும். கிருமி வளர்ந்து கலங்கிய திரவத்தை அப்படியே எண்ண முடியாது. கோடிக்கணக்கில் மொய்த்துக் கிடக்கும். அதனால் ஒரு பங்கு திரவத்தை ஒன்பது பங்கு உப்புநீரில் விட்டுக் கலக்க வேண்டும். அதிலிருந்து ஒரு பங்கை அடுத்த குழாய்க்கு, அதிலிருந்து அதற்கடுத்ததற்கு. ஒவ்வொரு தடவையும் புது முனை மாட்ட வேண்டும். ஒவ்வொரு குழாயிலிருந்தும் கொஞ்சம் எடுத்துத் தனித்தனித் தட்டில் பரப்பிச் சூட்டுப் பெட்டியில் வைத்தால், மறுநாள் கடைசிக் குழாயின் தட்டில் எண்ணக்கூடிய அளவுக்குப் புள்ளிகள் முளைத்திருக்கும். முதல் குழாயில் செய்த பிசகு கடைசிக் குழாய்வரை கூடவே வரும். சொட்டு பிசகியதில்லை. நாத்தனார் முனை மாற்றச் சோம்பல்படுவாள்.

இரண்டு பேரில் ஒருவருக்குத்தான் நிரந்தர இடம் என்று சேதி வந்தது. இருவருக்கும் ஒரே திரவத்தைக் கொடுத்து, ஒழுங்காகச் செய்பவருக்கே வேலை என்றார் தலைவர். அந்த வாரம் சொட்டுக்குச் சளி. மூக்கு அடைத்து வாயால் மூச்சுவிட்டுக்கொண்டிருந்தாள். கை மட்டும் எப்போதும்போல் நிதானமாக ஓடியது.

மறுநாள் அவள் தட்டுகள் வெறுமையாக இருந்தன. கடைசிக் குழாயின் தட்டு மட்டுமல்ல, முதல் குழாயின் தட்டிலும் ஒரு புள்ளி இல்லை. நாத்தனாரின் தட்டுகளில் ஏற்றத்தாழ்வாக ஏதோ முளைத்திருந்தது.

"என்னம்மா இது, துடைச்சு வச்ச மாதிரி இருக்கு?" என்றார் தலைவர்.

"எப்படின்னு தெரியலை சார். இன்னொரு தடவை..."

"இன்னொரு தடவை உங்க வீட்டு அடுப்படியில பண்ணு."

நாத்தனார் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். வேலை அவளுக்குப் போனது. சொட்டைக் குழாய் கழுவும் அறைக்கு மாற்றினார்கள்.

சளி விட்ட பிறகு, தொட்டிக்கு அடியில் மூடிக் கிடந்த தன் உப்புநீர் பாட்டிலைக் கழுவத் திறந்தாள். தரை துடைக்கும் பிளீச்சிங் நெடி முகத்தில் அறைந்தது. அதில் எந்தக் கிருமி பிழைக்கும்? சொட்டு மூடியை இறுக்கித் திருகினாள்.

பாட்டிலோடு தலைவரிடம் ஓடினாள். அவர் மூடியைக்கூடத் திறக்கவில்லை. "நாத்தனார் சண்டையை எல்லாம் இங்க கொண்டு வராதே. கழுவுற வேலையும் வேண்டாமா?"

அன்று மாலை சாப்பாட்டின்போது புருஷனிடம் சொன்னாள். அவன் தட்டிலிருந்து நிமிரவில்லை.

"தெரியும்."

"தெரியுமா?"

"பண்ணிட்டு வந்து அன்னிக்கே எங்கிட்ட சொல்லிட்டா. அவளுக்கு வேலை இருந்தாத்தான் நல்ல இடமா அமையும். உனக்குத்தான் நான் இருக்கேன்ல?"

மாமியார் குழம்பை ஊற்றினாள். நாத்தனார், "அண்ணி, கோபத்துல பசியைக் கெடுத்துக்காதீங்க. நாளைக்கு நிறைய குழாய் இருக்கு" என்றாள். மூவரும் சிரித்தார்கள்.

சொட்டு கழுவினாள். நாத்தனாரின் எண்ணிக்கை கோணும்போதெல்லாம், "அண்ணி சரியாக் கழுவலை சார்" என்று சத்தம் வரும். கடைசியில் அந்தப் பழியைக் காட்டியே சொட்டை வேலையை விட்டு அனுப்பினார்கள். அதன் பிறகு காலையில் நாத்தனாருக்குச் சோறு கட்டிக் கொடுப்பது அவள் வேலை ஆயிற்று.

நாத்தனாருக்கு ஒரு நல்ல இடம் வந்தது. பையனின் அம்மா பேசி முடிக்க வந்தவள், தண்ணீர் கேட்கும் சாக்கில் அடுப்படிக்குள் நுழைந்தாள். "நீ சொல்லும்மா. பொண்ணு எப்படி? எங்க வீட்டுல மூத்த மருமக ஒருத்தி இருக்கா, ஒத்துப் போகணும்."

சொட்டு தம்ளரைத் துடைத்து, நிரப்பி, நீட்டினாள்.

"கெட்டிக்காரி. நான் பார்த்த வேலை இப்ப அவகிட்டதான் இருக்கு. என் பாட்டில்ல பிளீச்சிங் ஊத்தி வாங்கினா. வீட்டுல ஒருத்தரும் ஒரு வார்த்தை கேக்கலை."

அந்த அம்மாள் தண்ணீரைக் குடிக்கவில்லை. கூடத்துக்குப் போய்ப் பையை எடுத்துக்கொண்டு, யோசித்துச் சொல்வதாகச் சொல்லிக் கிளம்பினாள். அப்புறம் அந்தப் பக்கமிருந்து பேச்சே இல்லை.

அடுப்படியில் சொட்டு சொன்னது காதுக்கு எட்டியதும் புருஷன் அறைந்தான், உதடு கிழிந்தது. மாமியார், "குடும்பத்தைக் கெடுக்க வந்தவளே!" என்று மண்ணை வாரித் தூற்றினாள். நாத்தனார் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு விம்மி விம்மி அழுதாள்.

அந்த அழுகை கதவுக்கு இந்தப் பக்கம் நன்றாகக் கேட்டது. சொட்டு தட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். உப்புப் பட்டு உதடு எரிந்தது. அவளுக்கு வெகுநாள் கழித்துப் பசித்தது. கேட்டுக்கொண்டே, இரண்டாம் முறையும் போட்டுச் சாப்பிட்டாள்.