நந்தி மலையும் நான் சாப்பிடாத தட்டு இட்லியும்

காலை ஐந்து மணிக்குப் பெங்களூரு ஈஜிபுராவிலிருந்து கிளம்பினோம். காரின் பின்னால் என் சைக்கிள். உள்ளே நான், மனைவி சுதா, கார் ஓட்ட அலுவலக நண்பன் சேகர். நந்தி மலை அறுபத்தைந்து கிலோமீட்டர். அடிவாரத்திலிருந்து உச்சிக்கு எட்டு கிலோமீட்டர் ஏற்றம். அந்த எட்டில்தான் என் மானம் இரண்டு முறை போயிருக்கிறது. இரண்டு முறையும் பாதி வழியில் வாந்தி.

"இன்னைக்கும் வாந்தி எடுத்தீங்கன்னா சைக்கிள வித்துடலாம்" என்று சுதா சொல்லியிருந்தாள். எடுத்துவிட்டு மறைப்பேன் என்று அவளுக்குச் சந்தேகம். அதனால் ஏற்றம் முழுவதையும் வீடியோ எடுக்கவே கூட வந்தாள்.

ஆறு மணி, தேவனஹள்ளி. சாலையோர ஓட்டலில் ஆளுக்குத் தட்டகலத்தில் இரண்டு தட்டு இட்லி, ஒரு வடை, அறுபது ரூபாய். முந்தைய இரண்டு தடவையும் இதைச் சாப்பிட்டுவிட்டுத்தான் ஏறினேன். வெறும் வயிற்றோடு உடம்பை வருத்தக் கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம். சேகர் பெங்களூரு ஆஸ்டின் டவுனிலேயே பிறந்து வளர்ந்தவன், பல வருடமாக சைக்கிள் மிதிப்பவன். என் தட்டை நகர்த்தி வைத்துவிட்டு, கன்னடம் கலந்த தமிழில் சொன்னான். அவனுக்கு நண்பர்கள் எல்லோருமே 'குரு'தான்.

"இட்லிய வயித்துல வெச்சிக்கினு மேல ஏறுனா அது உள்ள இருக்குமா குரு? ஒரு வாழப்பழம் போதும். தண்ணிய கொஞ்சம் கொஞ்சமா குடி. கியர லைட்டா போடு. சும்னே அவசரப்படாத."

வாழைப்பழம் சாப்பிட்டேன். பத்து ரூபாய்க்கு ஓர் எலுமிச்சம்பழம் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன். வீணாகக் கூடாதென்று என் பங்கையும் சேர்த்துச் சுதாவே சாப்பிட்டாள்.

ஏழு மணிக்கு ஏற ஆரம்பித்தேன். பின்னால் முதல் கியரில் கார், அதன் ஜன்னலில் சுதாவின் போன். நான்காவது கிலோமீட்டரில் அந்தப் பழைய வளைவு வந்தது. வாயில் எச்சில் ஊறியது, காது அடைத்தது, வாழைப்பழம் வயிற்றுக்குள் புரண்டது. நிஜமாகவே பயந்தேன். வாரத்தில் எனக்கென்று இருப்பது இந்த சைக்கிளில் போகும் ஒரு காலைதான். குனிந்து மிதிப்பதை விட்டு நிமிர்ந்தேன். மூச்சை நீளமாக விட்டேன். எலுமிச்சம்பழத்தை முகர்ந்தேன். ஒரு குரங்கு அவசரமே இல்லாமல் என்னை முந்திக்கொண்டு போனது. போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

எட்டு பத்துக்கு உச்சி. சாப்பிட்டது சாப்பிட்ட இடத்திலேயே இருந்தது. கையைத் தூக்கிக் காரைப் பார்த்துக் கத்தினேன்.

"சுதா, பாத்தியா?"

கார்க் கதவு திறந்தது. வெளுத்த முகத்தோடு சுதா இறங்கினாள். அத்தனை வளைவுகளிலும் போன் திரையையே பார்த்துக்கொண்டு வந்தவள், நேராகப் பாறையோரம் போய், நான்கு இட்லி, இரண்டு வடை எல்லாவற்றையும் வெளியேற்றினாள்.

"போன கீழ வைங்கன்னு ரெண்டு தடவ சொன்னேன் குரு. சிஸ்டர் கேக்கல" என்றான் சேகர்.

எலுமிச்சம்பழத்தை அவளிடம் கொடுத்து முதுகைத் தடவினேன். "மூச்ச மெதுவா விடு" என்றேன், அனுபவசாலியாக. சிரிப்பை அடக்குவது ஏற்றத்தைவிடக் கஷ்டமாக இருந்தது.

பத்து நிமிடம் கழித்துப் போனை நீட்டினாள். அவள் வாந்தி எடுத்ததும் அதில் பதிவாகியிருந்தது. "கடைசி ரெண்டு நிமிஷத்த அழிச்சிடுங்க."

"அப்ப சைக்கிள்?"

காரைப் பார்த்தாள். வளைந்து வளைந்து இறங்கும் சாலையைப் பார்த்தாள். பிறகு கேரியரே இல்லாத என் சைக்கிளைப் பார்த்தாள்.

"இதுல பின்னாடி உக்காந்து வர முடியுமா?"